எல்.எம்.எஸ்ஸில் ஐயவினாவுக்கு இடம் உண்டா?

வினா ஆறு வகைப்படும் என்கிறது நன்னூல்: அறிவினா, அறியா வினா, ஐயவினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. ஆறுமுக நாவலரின் காண்டிகையுரை வழியாக அந்த நூலைத் தலைமுறை தலைமுறையாகப் படித்து வந்த யாழ்ப்பாணத்தில் இந்த ஆறையும் ஒரே மூச்சில் ஒப்பித்த அனுபவம் பலருக்கும் இருக்கும். ஒப்பித்ததோடு மறந்துவிடுகிறோம் என்பது வேறு கதை. தனக்கு விடை தெரிந்திருந்தும், எதிரில் இருப்பவருக்கு அது தெரியுமா என்று பார்ப்பதற்காகக் கேட்பது அறிவினா. ஆசிரியர் மாணவரிடம் பொருள் கேட்பதை அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. தூரத்து மங்கலில் நிற்பது மரக்குற்றியோ மனிதனோ என்று இரண்டுக்கும் நடுவே நின்று கேட்பது ஐயவினா.

உயர்கல்வியின் வேலை மாணவரை முதலாவது வினாவிலிருந்து மூன்றாவது வினாவுக்கு நகர்த்துவதுதான் என்று நான் நினைக்கிறேன். பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் அறிவினாக்களுக்கு விடை எழுதிப் பழகிய ஒருவர், விடை எவருக்கும் உறுதியாகத் தெரியாத ஒரு கேள்வியைத் தானே எழுப்பி, அதற்குச் சான்று தேடி, தான் கண்டதை மற்றவர் முன் வைத்து நியாயப்படுத்தக் கற்றுக்கொள்ளும் இடம் பல்கலைக்கழகம். இணையவழிக் கற்றல் எமது பல்கலைக்கழகங்களுக்குள் பரவலாக வந்து சில ஆண்டுகள் ஆகிவிட்ட நிலையில், அது இந்த நகர்வுக்கு எவ்வளவு துணை செய்தது என்று கேட்பது பொருத்தமானது. நான் கண்ட அளவில், அது அறிவினாவை எளிதாக்கியது. மற்ற இரண்டுக்கும் கதவைத் திறந்து வைத்தது. அந்தக் கதவால் நாம் இன்னும் போகவில்லை.

2020 மார்ச்சில் கொவிட் தொற்றால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, 1974 இல் வளாகமாகத் தொடங்கி 1979 இல் தனிப் பல்கலைக்கழகமான யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் திருநெல்வேலியிலும் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் இருந்த விடுதிகளை விட்டுத் தத்தம் ஊர்களுக்குச் சிதறினார்கள். அப்போது இலங்கையில் கற்பித்தல் ஒப்பீட்டளவில் விரைவாக இணையத்துக்கு மாறியதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் என்ற கல்வி ஆய்வு வலையமைப்பு சூம் வகுப்புகளுக்கு வழி செய்தது. பல்கலைக்கழக இணையத்தளங்களை டேட்டாச் செலவின்றிப் பயன்படுத்தத் தொலைபேசி நிறுவனங்கள் இடம் கொடுத்தன. மூடில் என்ற கற்றல் முகாமைத்துவ மென்பொருள் ஏற்கெனவே பல பீடங்களில் நிறுவப்பட்டிருந்தது. மாணவரும் விரிவுரையாளரும் எல்.எம்.எஸ் என்று அழைப்பது பெரும்பாலும் அதைத்தான்.

மூடில் வந்த கதையில் ஒரு முரண் உண்டு. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் மார்ட்டின் டூகியமாஸ் உருவாக்கி 2002 இல் வெளியிட்ட அந்த மென்பொருள், மனிதர்கள் ஒருவருக்கொருவர் ஏதோவொன்றை ஆக்கிக் காட்டும்போதுதான் அறிவைக் கட்டியெழுப்புகிறார்கள் என்ற கொள்கையை அடிப்படையாகக் கொண்டு வடிவமைக்கப்பட்டது. அதனால்தான் கலந்துரையாடற் களம், மாணவர் கூடி எழுதும் விக்கி, ஒருவர் வேலையை மற்றவர் மதிப்பிடும் பகுதி ஆகியவை அதில் உள்ளன. நாமோ அதை ஓர் அலுமாரியாக்கினோம். பவர்பொயின்ட் கோப்பு ஒரு தட்டில், கடந்த கால வினாத்தாள் இன்னொரு தட்டில், ஒப்படை போடுவதற்கு ஒரு பெட்டி, பதினைந்து நிமிடத்தில் மூடிக்கொள்ளும் ஒரு பல்தேர்வு வினாப் பரீட்சை. அந்தப் பரீட்சையின் ஒவ்வொரு வினாவும் அறிவினா. விடை முன்கூட்டியே கணினிக்குள் இருக்கிறது. மாணவர் அதைக் கண்டுபிடித்தாரா என்பதை மட்டும் இயந்திரம் பார்த்துச் சொல்கிறது.

இதைப் பிறர் குறையாக மட்டும் நான் எழுதவில்லை. அந்த ஆண்டின் பிற்பகுதியில் வடமாகாணத்து நீர்வளம் பற்றி நான் எடுத்த ஒரு சூம் வகுப்பில் ஐம்பதுக்கு மேற்பட்ட கறுப்புச் சதுரங்கள் இருந்தன. எங்கோ ஒரு வீட்டில் சேவல் கூவியது. இன்னொரு வீட்டில் யாரோ தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. "ஏதும் சந்தேகம் இருக்கோ?" என்று வழக்கம்போலக் கேட்டேன். எவரும் பேசவில்லை. "விளங்கினது சேர்" என்று நாலைந்து பேர் எழுதினார்கள். வகுப்பு முடிந்தது. இரவு பதினொன்றரை கடந்து வட்ஸ்அப்பில் தனியாக ஒரு செய்தி வந்தது: "சேர், குறூப்பில கேக்கப் பயமா இருந்தது. நீங்கள் போட்ட மழைவீழ்ச்சிச் சராசரி எந்த வருசங்களை வச்சு எடுத்தது? எங்கட ஊரில இப்ப மழை பெய்யிற மாதங்களே மாறிப்போச்சு எண்டு அப்பா சொல்லுறார். பழைய சராசரியை வச்சுக் கதைக்கிறது சரியோ?"

அந்தப் பாடம் முழுவதிலும் எழுந்த மிக நல்ல கேள்வி அதுதான். தரவின் அடித்தளத்தையும், தகப்பனின் அனுபவத்தையும், இரண்டுக்கும் இடையிலுள்ள முரணையும் சேர்த்துப் பிடித்த ஐயவினா. நான் செய்தது என்ன? அவருக்கு மட்டும் ஐந்து வரியில் பதில் எழுதி, நன்றாகக் கேட்டீர் என்று பாராட்டிவிட்டுப் படுத்துவிட்டேன். மற்ற ஐம்பது பேருக்கு அந்தக் கேள்வி போய்ச் சேரவில்லை. அதைப் பெயர் குறிப்பிடாமல் களத்தில் இட்டு, அடுத்த கிழமை முழுவதையும் அதற்கே விட்டிருக்க வேண்டும் என்பது மிகப் பின்னரே உறைத்தது.

அந்த மாணவி ஏன் பயந்தார் என்பதற்குள் எமது கல்வியின் வரலாறே இருக்கிறது. உயர்தரம் வரை ரியூட்டரியில் நல்ல மாணவர் என்றால் சொல்லிக் கொடுப்பதை விரைவாகக் கொப்பியில் இறக்குபவர். நூற்றுக்கணக்கானோர் அமர்ந்திருக்கும் கொட்டிலில் இடையில் கேள்வி கேட்பவர் மற்றவர்களின் நேரத்தைத் தின்பவர். பல்கலைக்கழகத்துக்கு வந்தால், முதலாம் ஆண்டில் தலைநிமிர்ந்து பேசுவதே சில சிரேஷ்டர்களின் கண்ணில் குற்றமாகப்படும். கலைப்பீடத்தில் பெரும்பாலும் தமிழில் கற்க முடிந்தாலும் விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல் போன்றவை ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. தமிழில் உதித்த ஐயம் ஆங்கில வாக்கியமாக மாறி முடிவதற்குள் விரிவுரை அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுகிறது.

இந்தக் கடைசித் தடை நேரத்தைப் பற்றியது. வகுப்பறை நேரம் எவ்வளவு குறுகியது என்பதை அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970 களில் அளந்து காட்டினார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு செக்கன் அளவே பதிலுக்குக் காத்திருந்தார்கள். அதை மூன்று செக்கனாக நீட்டியபோதே விடைகள் நீண்டன. தாமாகப் பேச முன்வந்த மாணவர் கூடினர். மாணவர் எழுப்பிய கேள்விகளும் கூடின. இரண்டு செக்கன் அவ்வளவு செய்யுமானால் இரண்டு நாட்கள் என்ன செய்யும்? ஒரே நேரத்தில் கூட வேண்டிய அவசியமில்லாத, எழுத்து வழியான இணையக் கலந்துரையாடலின் மெய்யான பலம் இங்கேதான் இருக்கிறது. கேள்வியை எழுதி, அழித்து, அகராதி பார்த்து, தமிழில் எழுதி ஆங்கிலத்துக்கு மாற்றி, காலையில் இன்னொரு முறை வாசித்துவிட்டு அனுப்பலாம். சூம் வகுப்பு இந்தப் பலத்தைத் தரவில்லை. அது பழைய விரிவுரை மண்டபத்தையே, அதன் ஒரு செக்கன் அவசரத்தோடு, வீட்டுக்குள் கொண்டுவந்தது. எழுத்துக் களம் டேட்டாவும் அதிகம் தின்னாது. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் நின்ற நாட்களில், காணொளி விரிவுரையைத் தவறவிட்டவர் இரவில் பத்து வரிச் செய்தியை வாசித்துப் பதில் எழுத முடிந்திருக்கும்.

ஆனால் களத்தைத் திறந்துவிட்டால் போதும் என்று நினைப்பது தவறு. கனடாவின் அல்பேட்டாப் பல்கலைக்கழகத்தில் ராண்டி கரிசன், டெரி அன்டர்சன், வோல்டர் ஆர்ச்சர் ஆகிய மூவர் 2000 ஆம் ஆண்டளவில் முன்வைத்த 'வினவற் சமூகம்' என்ற சட்டகம் இதைத் தெளிவாக்குகிறது. இணையத்தில் ஆழ்ந்த கற்றல் நிகழ மூன்று வகை இருப்புகள் வேண்டும் என்றார்கள்: மாணவர் பொருளைத் தேடிக் கட்டியெழுப்பும் அறிவுசார் இருப்பு, ஒருவரையொருவர் மனிதராக உணர வைக்கும் சமூக இருப்பு, இவ்விரண்டையும் வடிவமைத்து வழிநடத்தும் கற்பித்தல் இருப்பு. அமெரிக்கத் தத்துவவாதி ஜோன் டூயி வழிவந்த சிந்தனையைப் பின்பற்றி, அறிவுசார் இருப்பை நான்கு கட்டங்களாகவும் அவர்கள் பிரித்தார்கள்: ஒரு சிக்கல் மனத்தைத் தூண்டுவது, பல பக்கமும் தேடுவது, தேடியவற்றை இணைப்பது, முடிவுக்கு வந்து சோதித்துப் பார்ப்பது.

அவர்களே 2001 இல் வெளியிட்ட ஒரு சிறிய முன்னோட்ட ஆய்வில், மாணவர் எழுதிய செய்திகளை இக்கட்டங்களின்படி பிரித்தபோது தூண்டல் 8 வீதம், தேடல் 42 வீதம், இணைத்தல் 13 வீதம், தீர்வு 4 வீதம் என்று வந்தது. எஞ்சியவை எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை. அதன் பின் வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் பலவற்றிலும் பேச்சு தேடல் கட்டத்திலேயே தேங்கி நிற்பது திரும்பத் திரும்பக் காணப்பட்டது. எமது களங்களைப் பார்த்தவருக்கு இது வியப்பாக இராது. ஒருவர் ஒரு கருத்தைச் சொல்வார். அடுத்த பன்னிருவர் "நானும் இதை ஏற்கிறேன்" என்பார்கள். இரண்டு பேர் எங்கிருந்தோ எடுத்த பந்தியை ஒட்டுவார்கள். பாடம் அடுத்த அலகுக்குப் போய்விடும். "நீங்கள் இருவரும் சொல்வது ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லையே, எந்தச் சான்று வந்தால் இதைத் தீர்க்கலாம்?" என்று நடுவில் வந்து கேட்க ஆசிரியர் ஒருவர் இல்லாதபோது தேடல் இணைப்பாக மாறுவதில்லை.

இங்கு எதிர்ப்பக்க வாதத்தையும் மறைக்கக்கூடாது. கேர்ஷ்னர், சுவெல்லர், கிளார்க் ஆகியோர் 2006 இல், வழிகாட்டல் குறைந்த கற்பித்தல் புதிதாகக் கற்பவருக்குப் பலனளிப்பதில்லை என்று வலுவாக வாதிட்டார்கள். தொடக்க நிலை மாணவரின் செயல்நினைவு தேடும் முயற்சியிலேயே தீர்ந்துபோகிறது, கற்பதற்கு இடமிருப்பதில்லை என்பது அவர்கள் காரணம். மறுத்து எழுதியவர்களோ, நல்ல வினவல்வழிக் கற்பித்தலில் வழிகாட்டல் நிறையவே இருக்கிறது என்றார்கள். இரு தரப்பும் ஓரிடத்தில் சந்திக்கின்றன: முதலாம் ஆண்டு மாணவரிடம் "நீங்களே ஒரு ஆய்வுக் கேள்வியைக் கண்டுபிடித்து வாருங்கள்" என்று சொல்லிவிட்டு விலகுவது கற்பித்தல் ஆகாது. கேள்வியையும் முறையையும் ஆசிரியர் கொடுத்துத் தொடங்கி, பின்னர் கேள்வியை மட்டும் கொடுத்து, இறுதியாண்டு ஆய்வேட்டில் இரண்டையும் மாணவர் கையில் விடுவது நடைமுறைக்கு ஏற்றது. எம்மிடம் நடப்பதோ, மூன்று ஆண்டுகள் ஒன்றும் விடாமல் ஊட்டிவிட்டு நான்காம் ஆண்டில் திடீரென்று "தலைப்பு என்ன?" என்று கேட்பது.

நேரமில்லை என்று விரிவுரையாளர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. இருநூறு மாணவர் எழுதியதை ஒருவர் வாசிக்க முடியாது. ஆனால் மாணவரின் நேரம் ஏட்டளவில் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டுள்ளது. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணி நேரக் கற்றல். இரண்டு கிரெடிட் பாடத்துக்கு 100 மணி நேரம். அதில் வழக்கமான விரிவுரை 30 மணி நேரத்தைக் கடப்பதில்லை. மீதி 70 மணி நேரம் மாணவர் தாமாகக் கற்பதற்கு உரியது. அந்த எழுபது மணி நேரமும் பரீட்சைக்கு முந்தின இரண்டு கிழமைக்குள் நெரிந்து, குப்பியில் போய் முடிகிறது.

குப்பியை நான் குறைத்துச் சொல்லவில்லை. பாடம் விளங்கியவர், விளங்காத பட்ச் நண்பர்களுக்கு இரவில் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுப்பது. குப்பி விளக்கு வெளிச்சத்திலிருந்து வந்த பெயர் என்பார்கள். ஆசிரியர் சொன்னதை நன்றாகக் கேட்டவனுக்கும் கிடைப்பது காற்பங்கே, உடன் கற்பவரோடு பழகுவதால் ஒரு காற்பங்கும் பிறருக்கு எடுத்துரைப்பதால் மீதி அரைப்பங்கும் சேரும் என்று நன்னூல் போட்ட கணக்கில், முக்காற்பங்கைக் குப்பிதான் ஈடுசெய்து வருகிறது. குப்பியின் குறை, அது அறிவினாவுக்கு மட்டுமே தயார் செய்வது. எட்டுப் பேர் கொண்ட அதே குழுவை ஆறாவது கிழமையிலேயே எல்.எம்.எஸ்ஸில் அமைத்து, கிழமைக்கு ஒரு கேள்வியை அவர்களிடமிருந்தே கேட்டு வாங்கினால், விரிவுரையாளர் வாசிக்க வேண்டியது இருநூறு செய்திகளை அல்ல, இருபத்தைந்து கேள்விகளை. மூடிலில் இதற்கு உதவும் ஓர் அமைப்பும் உண்டு: தன் பதிலை இட்ட பின்னரே மற்றவர் எழுதியதைப் பார்க்க விடும் வினாவிடைக் களம். "நானும் ஏற்கிறேன்" வரிசை அங்கே உருவாக வழியில்லை. பெயர் வெளிவராமல் கேட்க விரும்புவோருக்கு, அதே மூடிலின் கருத்தறியும் பகுதியில் பெயர் மறைக்கும் தெரிவு இருக்கிறது. எதற்கும் புதிதாகப் பணம் வேண்டியதில்லை. மதிப்பெண் திட்டத்தில் விடைக்கு மட்டுமன்றிக் கேள்விக்கும் புள்ளி ஒதுக்கப் பீடம் இணங்க வேண்டும். கடினமான பகுதி அதுதான்.

2022 நவம்பரில் சட்ஜிபிடி வெளியானதோடு இந்தக் கடினம் அவசரமாகவும் மாறிவிட்டது. இப்போது களங்களில் வரும் பதில்கள் மிக ஒழுங்காக இருக்கின்றன. முன்னர் "நானும் ஏற்கிறேன்" என்று எழுதியவர், மூன்று பந்தியில் அப்பழுக்கில்லாமல் ஏற்கிறார். விடை எங்கோ எழுதப்பட்டிருக்கும் எந்த அறிவினாவுக்கும் இயந்திரம் பதில் தரும். எங்கும் எழுதப்படாததைக் கேட்டால்தான் மாணவர் எழுந்து வெளியே போக வேண்டியிருக்கும்.

யாழ்ப்பாணத்துக்கு இது புதிய பாடமல்ல. 1823 இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியில் டானியல் பூவர் பாதிரியாரும் மாணவரும் வானியல் கணித்த காலத்தில், 1829 மார்ச் மாதச் சந்திர கிரகணத்துக்கு அராலி விசுவநாத சாத்திரியாரின் பஞ்சாங்கம் சொன்ன கணிப்பும் செமினரியின் கணிப்பும் வேறுபட்டன. எது சரி என்று நூலைப் புரட்டித் தீர்க்க வழியில்லை. இரவு வரும்வரை காத்திருந்து வானத்தைப் பார்த்தார்கள். அந்த இரவில் செமினரியின் கணக்கு பொருந்தியது என்பதை மிஷனரிமார் தம் சமயப் பிரசாரத்துக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள், அதை மறக்க வேண்டியதில்லை. ஆயினும் மாணவர் முன் இரண்டு கணிப்புகளும் ஒரு வானமும் இருந்தன. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் ஒவ்வொரு சித்திரைப் புத்தாண்டுக்கும் இரு நேரம் சொல்லும் எமது வீடுகளில் இந்த நிலை எல்லோருக்கும் பழக்கமானதுதான்.

இன்றைய மாணவருக்கு அப்படியொரு வானம் வீட்டு வளவிலேயே உண்டு. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான். சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் மழைநீர் ஊறி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. அந்த வில்லையிலிருந்துதான் கிணறுகள் குடிக்கின்றன. மிகையாக இறைத்தால் அடியிலிருந்து உவர் ஏறுகிறது; தோட்டத்து உரமும் மலகூடக் குழியும் நைத்திரேற்றைச் சேர்க்கின்றன. இதற்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். இவ்வளவும் ஸ்லைடில் சொல்லக்கூடியது. ஐப்பசியில் தொடங்கும் அரையாண்டில், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று சிதறியிருக்கும் நாற்பது மாணவரும் தத்தம் வீட்டுக் கிணற்றில் கல் கட்டிய கயிற்றை இறக்கி, கிணற்றுக் கட்டிலிருந்து நீர்மட்டம் எத்தனை அடி என்று காலையில் அளந்து, கயிற்றின் படத்தோடு ஒரு பொது கூகிள் ஷீட்டில் பதிகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். செலவு ஒரு நீளக் கயிறும் சில கிலோபைட்டும். நாற்பது கிணறுகளை ஒரே காலையில் பார்க்க எந்த விரிவுரை மண்டபத்தாலும் முடியாது. மாணவர் ஓரிடத்தில் கூடாமல் சிதறியிருப்பது இங்கே ஒரு வசதியாகிறது.

முதல் இரண்டு கிழமை அட்டவணை சோர்வூட்டும். மார்கழியில் ஒரு பெருமழை வரும். ஒருவர் கிணறு மறுநாளே இரண்டு அடி ஏறியிருக்கும். அவருக்கு நாலு வளவு தள்ளியிருக்கும் பட்ச் நண்பரின் கிணறு அசையாது. இருவரும் அளந்தது பிழையோ, நிலத்தடியில் பாறை வேறோ, பக்கத்துத் தோட்டத்தில் மோட்டர் போட்டு இறைத்தார்களோ? அப்போது களத்தில் எழும் செய்தி "விளங்கினது சேர்" என்று இராது. அதை வாசிக்கும் விரிவுரையாளருக்கும் விடை தெரியாது. அவர் "எனக்கும் தெரியவில்லை, முதலில் கயிற்றைச் சரிபாருங்கள், பிறகு தோட்டக்காரரிடம் எந்த நேரம் இறைத்தவர் என்று கேட்டு எழுதுங்கள்" என்று மட்டும் பதில் இட்டு, இரண்டு நாள் வாய்மூடி இருக்க வேண்டியிருக்கும்.